பன்னிரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவில் மகன்

அத்தியாயம் 11

திங்கட்கிழமை காலை மாமாங்கம் தன் மகனைச் சேகரிக்கப் புறப்பட்டார்.

மகன் ஊரெங்கும் கிடந்தான். வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதித் தமிழ்க் கடை வாசல்களில், வெங்காய மூட்டைக்கும் தேங்காய்ப் பெட்டிக்கும் இடையில், இலவசப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், முழு வர்ணத்தில் கைகட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். பின்னணியில் நீல நிறத்தில் ஒரு கொடி. சாமிப் படங்களில் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போடுவார்களே, அதே இடத்தில் பன்னிரண்டு மஞ்சள் நட்சத்திரங்கள். கீழே கொட்டை எழுத்தில், ‘ஐரோப்பிய ஒன்றியத்தின் தவப்புதல்வனே, வருக!’ அதற்கும் கீழே, ‘வாழ்த்துவோர்: மாமாங்கம் குடும்பத்தினர்.’

ஒரேயொரு சிக்கல்தான். அந்த ஒன்றியத்திலிருந்து டென்மார்க் வெளியேற வேண்டும் என்று மேடை மேடையாகப் பேசித்தான் ஜெயந்தன் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கே தெரிவானான்.

தொடரை இன்றுதான் கையில் எடுப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாமாங்கமும் பரிமளமும் மட்டக்களப்பிலிருந்து முதலில் போய் இறங்கியது டென்மார்க்கில், காற்றும் மீன்வாடையும் மட்டும் தாராளமாகக் கிடைத்த ஒரு துறைமுக ஊரில். அங்கே மீன் தொழிற்சாலையில் பல வருடம் வேலை. பிறகு சொந்தபந்தம் எல்லாம் ரொறன்ரோவில் என்று இங்கே வந்தார்கள். மகள் யதுஷா சின்னப்பிள்ளை, கூட வந்தாள். மகன் ஜெயந்தன் படிப்பை விட்டு வரமாட்டேன் என்று அங்கேயே நின்றுவிட்டான். நின்றவன் மீனவர் பக்கம் பேசப் பழகி, கட்சியில் சேர்ந்து, இப்போது உறுப்பினர். வருகிற சனிக்கிழமை அவனுக்கு இங்கே அஜின்கோர்ட்டில் பாராட்டு விழா. அதற்கான விளம்பரம்தான் மேலே சொன்னது. கொடுத்தது மாமாங்கம். வடிவமைத்தது வாகீசன், கல்யாண அல்பம், வீடு விற்பனை விளம்பரம், மரண அறிவித்தல் மூன்றையும் ஒரே கணினியில் செய்கிற மனிதர்.

அன்று காலை பரிமளம் குசினியில் கட்லட்டுக்கு ரின்னில் அடைத்த மீனைப் பிசைந்துகொண்டிருந்தார். பின்னேரம் வாகீசனின் மண்டபத்தில் பெரிய திரையில் மகன் பேசுவதை நாற்பது பேர் பார்க்கப் போகிறார்கள். நாற்பது வாய்க்கும் கட்லட் வேண்டும். அந்த நேரத்தில்தான் பக்கத்து ஊரான ஸ்ரௌவ்விலிலிருந்து யதுஷா தொலைபேசியில் வந்தாள்.

“அப்பா, நீங்க இருந்துகொண்டு கேளுங்க.”

“நிண்டாலும் காது கேக்கும். சொல்லு மகள்.”

“நீங்க குடுத்த அந்த அட் இருக்கெல்லோ, அது டெனிஷ் பேப்பர் ஒண்டில வந்திட்டுது.”

மாமாங்கத்தின் முகம் மலர்ந்தது. “டென்மார்க்கிலயுமா? முதல் பக்கமா?”

“நோ அப்பா! சிரிக்கிறாங்க. அண்ணாவைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. ஒன்றியத்தை வெறுக்கிறவர், ஒன்றியத்தின்ர செல்லப்பிள்ளை எண்டு தலைப்புப் போட்டிருக்கு. அண்ணாவின்ர கட்சித் தலைவி சரியான கோவமாம். வியாழக்கிழமை மீட்டிங். ஃபிஷரீஸ் பேச்சாளர் எண்ட பொறுப்பை அண்ணாட்ட இருந்து எடுக்கப் போறாங்களாம். அடுத்த எலெக்‌ஷனுக்கு இடம் குடுக்கிறதோ தெரியாது.”

மாமாங்கம் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே பரிமளம் உருண்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். மகன் பேசப்போகிற நாளில் அவர் கையில் ஒரு உருண்டைகூடக் கோணலாக வரவில்லை.

“அம்மாக்குச் சொல்லாத,” என்றார் மெல்ல. “பேப்பர் எல்லாத்தையும் நான் கடை கடையாப் போய் எடுத்திட்டு வாறன்.”

“அப்பா, அது இப்ப ஒன்லைன்ல இருக்கு!”

“ஒன்லைன்ல இருக்கிறத நீ பாரு. கடையில இருக்கிறத நான் பாக்கிறன்.”

மிசிசாகாவில் விமான நிலையச் சரக்குப் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர் அவர். பிழையான பெட்டி வெளியே போய்விட்டால் திருப்பி எடுப்பதுதான் அங்கே விதி. பெட்டிக்கும் செய்திக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

*

முதல் கடை பாலேஸ்வரியின் பலசரக்குக் கடை.

“வாங்கோ அண்ணை! எம்பியின்ர அப்பா வந்திருக்கிறார், ஆராவது ஒரு ரீ போடுங்கோ!” என்று பாலேஸ்வரி கடைக்குள்ளே பார்த்துக் கத்தினார். கடையில் நின்ற ஏழெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மரக்கறி பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவர் கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டு வந்து கை குலுக்கினார்.

“ரீ வேண்டாம் தங்கச்சி. பேப்பர் மிச்சம் இருக்கா? எல்லாத்தையும் எடுத்திட்டுப் போவம் எண்டு...”

“தெரியும், வருவியள் எண்டு. சொந்தக்காரருக்கு அனுப்பத்தானே? ஒரு கட்டை உள்ளுக்கு எடுத்து வச்சிட்டன். இல்லாட்டி சனம் மீன் வெட்ட விரிச்சுப்போடும்.”

கட்டு வந்தது. கூடவே தேநீரும் வந்தது. தேநீரைக் கையில் வாங்கியபோதுதான் மாமாங்கம் சுவரைப் பார்த்தார். காசாளர் மேசைக்கு மேலே, பிள்ளையாருக்கு வலப்பக்கத்தில், பிளாஸ்டிக் உறை போட்டு ஜெயந்தன் தொங்கினான். பிள்ளையாருக்கு வைத்த ஊதுபத்திப் புகையில் பாதி அவனுக்கும் போய்க்கொண்டிருந்தது.

“அந்தப் படத்தையும் தாறீங்களா?”

“அதைத் தர ஏலாது அண்ணை. அது கடையின்ர,” என்று பாலேஸ்வரி முடிவாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஒண்டு கேக்கிறன், குறை நினைக்கக் கூடாது. தம்பி அந்தப் பாராளுமன்றமே வேண்டாம் எண்டு சொல்லுறவராம். அப்ப ஏன் அங்க போறவர்?”

“வேண்டாம் எண்டு சொல்லத்தான்.”

“அதை வீட்டில இருந்து சொல்லேலாதோ?”

“வீட்டில இருந்து சொன்னா ஆரு கேக்கிறது?”

பாலேஸ்வரி கொஞ்சம் யோசித்தார். “அதுவும் சரிதான். என்ர மனுசனும் இந்தக் கடை வேண்டாம் எண்டு இருபது வருசமாய் இந்தக் கடைக்குள்ள நிண்டுதான் சொல்லுறார்.”

அடுத்த கடையில் மூன்று கட்டு. அதற்கடுத்த சாப்பாட்டுக் கடையில் இரண்டு. அங்கே தமிழ்நாட்டிலிருந்து வந்து கணினிக் கம்பெனியில் வேலை செய்கிற இளைஞர் இருவர் கொத்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாமாங்கம் பத்திரிகையை அள்ளுவதைப் பார்த்து ஒருவர் எழுந்து வந்தார்.

“சார், இவர் உங்க பையனா? மூக்கு அப்படியே இருக்கு சார். ஒரு செல்ஃபி எடுத்துக்கலாமா?”

மறுத்திருக்கலாம். ஆனால் ‘மூக்கு அப்படியே’ என்று சொன்ன பிறகு எந்தத் தகப்பன் மறுப்பான்? மாமாங்கம் பத்திரிகையை விரித்து நெஞ்சுக்கு நேரே பிடித்தார். கிளிக். ஐந்து நிமிடத்தில் அந்தப் படம் சென்னையில் ஒரு வீட்டுக்கும், பெங்களூரில் இரண்டு அலுவலகங்களுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. திரட்டப் போனவர் பரப்பிவிட்டு வந்தார்.

மத்தியானத்துக்குள் கொரோலாவின் பின்பெட்டி நிறைந்துவிட்டது. பின் இருக்கை நிறைந்துவிட்டது. முன் இருக்கையிலும் ஒரு கட்டு, பெல்ட் போடச் சொல்லி வண்டி கீக்கீ என்று கத்தியது. மாமாங்கம் மகனுக்குப் பெல்ட் போட்டுவிட்டார்.

கடை கடையாகக் கை குலுக்கியதில் அவர் முதுகு நிமிர்ந்திருந்தது. வந்த காரியம் என்ன என்பது இடையிடையே மறந்தும் போயிற்று. பிளாசா வாகனத் தரிப்பிடத்தில் தொலைபேசி அடித்து, திரையில் ‘மகன்’ என்று வந்தபோதுதான் நினைவு வந்தது.

*

“அப்பா, சாப்பிட்டீங்களா?”

“ஓம் மகன். பெட்டி வந்திட்டுதா?”

மாமாங்கம் எப்போதும் முதலில் கேட்பது அதைத்தான். அந்த நாடாளுமன்றம் மாதத்துக்கு ஒருமுறை பிரசல்ஸிலிருந்து ஸ்ராஸ்பூர்க்குக்குக் குடிபெயரும். ஒவ்வொரு உறுப்பினரின் காகிதங்களும் ஒரு பெட்டியில் அடைக்கப்பட்டு, லொறியில் போய், அங்கே அறை வாசலில் காத்திருக்கும். வியாழக்கிழமை மறுபடி லொறி. இந்தக் கூத்தை நிறுத்த வேண்டும் என்பது ஜெயந்தனின் முதல் தேர்தல் வாக்குறுதி. தகப்பனுக்கு அதில் உடன்பாடில்லை. வாழ்நாளெல்லாம் மற்றவர்களின் பெட்டிகளைத் தூக்கியவர் அவர். இந்தப் பெட்டியில் ஒட்டியிருக்கிற சீட்டில் எழுதியிருப்பது அவருடைய பெயர். எங்கள் வழக்கப்படி மகனுக்கு முதல் பெயர் ஜெயந்தன், கடைசிப் பெயர் தகப்பனின் பெயர். வெள்ளைக்காரன் கடைசிப் பெயரைத்தான் கூப்பிடுவான். ஆகவே ஐரோப்பாவில் மாதாமாதம் ஒரு லொறி ‘மாமாங்கம்’ என்ற பெயரைச் சுமந்துகொண்டு நெடுஞ்சாலையில் போகிறது. இதையா நிறுத்துவது?

“பெட்டி வாசல்ல நிக்குது அப்பா. நான் அதுக்கு மேலதான் இருக்கிறன்.” ஜெயந்தன் மூச்சு விட்டான். “அந்த விளம்பரம் ஆரு போட்டது?”

“நான்தான்.”

“கொடி?”

“வாகீசன் கேட்டவர், ஐரோப்பாவுக்கு என்ன கொடி எண்டு. இருக்கிறது ஒண்டுதானே மகன். அவர் வழக்கமாப் போடுற நயாகரா நீர்வீழ்ச்சிய விட அது நல்லம் எண்டு நினைச்சன்.”

அந்தப் பக்கத்தில் சிரிப்பா, இருமலா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. பிறகு ஜெயந்தன் மெல்லச் சொன்னான். “இண்டைக்கு இரவு எனக்கு ஒரு நிமிசம் பேசத் தந்திருக்கு. ஹெரிங் மீனைப் பற்றித்தான் கேட்டனான். துறைமுகத்தில சனம் பாத்துக்கொண்டிருக்கும். ஆனா தலைவி ஒரு வசனம் எழுதித் தந்திருக்கிறா. முதல் அதை வாசிக்கட்டாம்.”

“என்ன வசனம்?”

“வெளிநாட்டில ஆரோ தெரியாத ஆக்கள் என்ர சம்மதம் இல்லாமல் ஒரு விளம்பரம் போட்டிருக்கினம், அவையளுக்கும் எனக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இதை வாசிச்சா வியாழக்கிழமை மீட்டிங்கில என்ர இடத்துக்குப் பிரச்சினை வராதாம்.”

மாமாங்கம் முன் இருக்கையைப் பார்த்தார். பெல்ட் போட்ட மகன் கைகட்டிச் சிரித்தான். கீழே, நட்சத்திரங்களுக்கெல்லாம் கீழே, ‘மாமாங்கம் குடும்பத்தினர்.’

“வாசி மகன்,” என்றார்.

“அப்பா...”

“வாசி. உனக்கு அங்க இடம் முக்கியம். உனக்கு வோட் போட்ட ஆக்கள் இருக்காங்க. நான் ஆரு எண்டு எனக்குத் தெரியுந்தானே, பாராளுமன்றத்தில சொல்லித்தான் தெரிய வேணுமா? எனக்கு ஒண்டுமில்ல.”

தொலைபேசியை வைத்த பிறகு வெகுநேரம் வண்டியை எடுக்கவில்லை. எனக்கு ஒண்டுமில்ல என்று இன்னொரு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். முதல் தரம் சொன்னபோது வந்த உறுதி இரண்டாம் தரம் வரவில்லை.

மீன் தொழிற்சாலையில் அவருடைய மேற்பார்வையாளருக்கு ‘மாமாங்கம்’ என்று சொல்ல வாய் வரவில்லை. வேலை அட்டையில் சுருக்கி ‘மா’ என்று எழுதிவிட்டான். அத்தனை வருடமும் அவர் ‘மா’வாகத்தான் ஹெரிங் மீனின் தலையை வெட்டினார். அங்கே தொலைந்த மிச்சப் பெயரை மகன் கொண்டுபோய் ஐரோப்பாவின் பெரிய மண்டபத்தில் வைத்திருக்கிறான். இன்று அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவன் எழுந்து நின்று, அந்தப் பெயர்க்காரரைத் தெரியாது என்று சொல்வான்.

சொல்லட்டும். சொல்லச் சொன்னதும் நான்தானே.

*

மண்டபம் என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். வீட்டுக் கடன் அலுவலகத்துக்குப் பின்னால், வாகீசன் பிறந்தநாள்களுக்கு வாடகைக்கு விடுகிற இடம். கூரையில் யாரோ ஒரு குழந்தையின் பலூன் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பரிமளம் காஞ்சிபுரம் சேலையில் முன்வரிசை நடுவில் இருந்தார். யதுஷா வேலையில் பாதி நாள் லீவு போட்டுவிட்டு வந்து, நகம் கடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.

மாமாங்கம் வண்டியில் கிடந்த பத்திரிகைக் கட்டுகளைப் போர்வை போட்டு மூடிவிட்டு உள்ளே வந்தார்.

“எங்க போனீங்க? முகமெல்லாம் வாடிக் கிடக்கு,” என்றார் பரிமளம்.

“கடைக்கு.”

“காலையில இருந்தா? என்ன வாங்கினீங்க?”

“ஒண்டும் வாங்கல்ல.” உண்மையைத்தான் சொன்னார். இலவசப் பத்திரிகை.

திரையில் அரைவட்டமாக ஒரு பிரமாண்ட மண்டபம். அங்கே இரவு. பாதி இருக்கைகள் வெறுமை. ஒவ்வொருவராக எழுந்து, ஒரு நிமிடம் பேசி, நிமிடம் முடிந்ததும் ஒலிவாங்கி தானாக அணைந்து, வாய் அசைந்துகொண்டிருக்கவே உட்கார்ந்தார்கள். ஆங்கில மொழிபெயர்ப்பாளரின் குரல் எல்லாருக்கும் மேலாக ஓடியது.

“ஒரு நிமிசத்தில மைக் தானாய் நிக்குதோ?” பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

“ஓம் அண்ணை, அங்க சட்டம் அப்பிடி,” என்றார் வாகீசன்.

“உந்தச் சாமானை எங்கட கல்யாண மண்டபங்களுக்கு எடுப்பிக்கேலாதோ? வாழ்த்துரைக்கு?”

மண்டபமே சிரித்தது. ஒவ்வொரு விழாவிலும் வாழ்த்துரை வழங்குகிறவரான வாகீசன் மட்டும் கணினியைச் சரிபார்க்கக் குனிந்துகொண்டார்.

அப்போது தலைமை ஆசனத்திலிருந்த பெண்மணி கண்ணாடியைச் சரிசெய்து, மெதுவாக, ஒரு எழுத்தையும் விழுங்காமல் வாசித்தார்.

“மிஸ்டர் மாமாங்கம். ஒரு நிமிடம்.”

ரொறன்ரோவில் மாமாங்கம் எழுந்து நின்றுவிட்டார். கால் தானாக நிமிர்ந்தது. பின்வரிசைக்காரர் மறைக்கிறது என்று சொல்ல வாயெடுத்து, ஆளைப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலியை நகர்த்திக்கொண்டார்.

திரையில் ஜெயந்தன் எழுந்தான். கையில் ஒரு மடித்த தாள். டெனிஷில் தொடங்கினான். மொழிபெயர்ப்பாளர் ஒரு மூச்சுப் பின்னால் வந்தார். வாகீசனின் மண்டபத்தில் நாற்பது பேரும் மொழிபெயர்ப்பாளருக்குக் காத்திருக்க, துறைமுக ஊரில் டெனிஷ் பழகிய மாமாங்கம், பரிமளம், யதுஷா மூன்று பேர் மட்டும் அந்த ஒரு மூச்சு முன்னால் இருந்தார்கள்.

“கனடாவில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் என் படம் வந்தது. உங்களுடைய கொடிக்கு நடுவில். இங்கே பலர் நன்றாகச் சிரித்தீர்கள்.” அவன் தாளை விரித்தான். “அதைப் போட்டவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது என்று சொல்லும்படி என்னிடம் ஒரு வசனம் தரப்பட்டிருக்கிறது.”

மாமாங்கம் கண்ணை மூடிக்கொண்டார். வாசி மகன். கெதியா வாசிச்சு முடி.

தாள் மடிகிற சத்தம் ஒலிவாங்கியில் கேட்டது.

“போட்டவரின் பெயர் அந்தப் பக்கத்தின் கீழே இருக்கிறது. தலைவர் அவர்களே, சற்றுமுன் நீங்கள் வாசித்த பெயர் அதுதான். ஹான் எர் மின் ஃபார்.”

அவர் என் அப்பா.

மாமாங்கத்தின் காதில் அது மொழிபெயர்ப்பாளருக்கு முன்பே விழுந்துவிட்டது. நாற்பது பேரும் இன்னும் காத்துக்கொண்டிருந்த அந்த ஒரு மூச்சு நேரம், அந்தச் சொல் மாமாங்கம் குடும்பத்தினருக்கு மட்டுமே சொந்தமாக இருந்தது.

“எங்கள் துறைமுகத்தில் அவர் மீன் வெட்டினார். தன் மகனைச் சுற்றி வைக்க இருப்பதிலேயே பெரிய பொருளைத் தேடினார். உங்களிடம் இருந்ததில் அதுதான் பெரியது, எடுத்துக்கொண்டார். உங்கள் வீட்டை விட்டு என் நாடு வெளியேற வேண்டும் என்றுதான் நான் இப்போதும் சொல்கிறேன். ஆனால் என் அப்பாவைத் தெரியாது என்று சொல்லிவிட்டு நான் எந்த வீட்டிலிருந்தும் வெளியேறப் போவதில்லை. இனி, ஹெரிங் மீன் விடயத்தில் நான் சொல்ல வந்தது என்னவென்றால்...”

ஒலிவாங்கி அணைந்தது. ஜெயந்தனின் வாய் மட்டும் இரண்டு மீன்களைப் பற்றிச் சொல்லும் நேரத்துக்கு அசைந்தது. உட்கார்ந்துவிட்டான்.

மண்டபத்தில் மொழிபெயர்ப்பு வந்து சேர்ந்து, தமிழாகி, நெஞ்சுக்குள் இறங்க ஒரு கணம் ஆயிற்று. பிறகு கைதட்டல் எழுந்தது. கூரையிலிருந்த பலூன் ஒட்டு விட்டு இறங்கி வந்தது. யதுஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஓ மை கோட், அண்ணா,” என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். தேர்தலில் அண்ணாவின் கொள்கைக்கு எதிராகவே பேசி வந்தவள் அவள்.

“மீனைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே,” என்றார் பின்வரிசைக்காரர்.

“அதை வியாழக்கிழமை கட்சிக்காரங்க சொல்லுவாங்க,” என்று மாமாங்கம் முணுமுணுத்தார். துறைமுகத்துக்காக ஒரு நிமிடம் கேட்டு வாங்கிய பிள்ளை அதைத் தகப்பனுக்குச் செலவழித்துவிட்டான். வியாழக்கிழமையை நினைத்தால் பயம், அவன் சொன்னதை நினைத்தால் பெருமை. இரண்டில் எதைக் கவனிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

*

“இஞ்சருங்க,” என்றார் பரிமளம். அவர் அழவில்லை. நெற்றி சுருங்கியிருந்தது. “விளம்பரத்தால என்ன பிரச்சினை? ஏன் சிரிச்சாங்களாம்? நல்ல வடிவாத்தானே இருந்தது.”

இனி ஒளிக்க வழியில்லை. மாமாங்கம் சொன்னார். கொடி, தலைப்பு, தலைவி, வியாழக்கிழமை. காரில் போர்வைக்குக் கீழே கிடக்கிற பத்திரிகைக் கட்டுகள்.

“ஆரோ இங்க இருந்து அங்க அனுப்பி இருக்கிறாங்க. ஆரு எண்டுதான் தெரியல்ல. அதுதான் உனக்குச் சொல்லாம எல்லாத்தையும் எடுத்திட்டு வந்தன்.”

“இதென்னகா, அதை நான்தானே அனுப்பினன்!” என்றார் பரிமளம்.

மாமாங்கம் கையிலிருந்த கார்ச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

“வெள்ளிக்கிழமையே ஃபோனில படம் எடுத்து டென்மார்க்கில இருக்கிற காரினுக்கு அனுப்பிட்டன். என்னோட பக்கத்தில நிண்டு மீன் அடைச்சவள். பிள்ளைக்குச் சளி எண்டா தூக்கிட்டு ஓடுவாள். அவளுக்குக் காட்டாம ஆருக்குக் காட்டுறது? அவள் சந்தோசத்தில துறைமுகத்து ஆக்களின்ர ஃபேஸ்புக்கில போட்டிட்டாளாம்.”

காலை முழுவதும் பெட்டிகளைத் தேடி ஊர் சுற்றியவருக்கு, பெட்டி தன் வீட்டுக் குசினியிலிருந்துதான் ஏற்றுமதியானது என்று விளங்க நேரமெடுத்தது. விளங்கியதும் சிரிப்பு வந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தக் கரையில் ஒருத்தி அவருடைய மகனுக்காகச் சந்தோசப்பட்டிருக்கிறாள். அதை எந்தக் கட்சிக் கூட்டத்தில் திருப்பி வாங்குவார்கள்?

யதுஷாவின் தொலைபேசியில் செய்தி வந்தது. அவள் உரக்க வாசித்தாள். “‘அப்பாவுக்குச் சொல்லு. தலைவி இன்னும் ஃபோன் எடுக்கல்ல. வியாழன் மீட்டிங்கில என்ன முடிவெண்டாலும் சனிக்கிழமை வாறன். அம்மாவின்ர கட்லட் மிச்சம் வைக்கச் சொல்லு.’”

மிச்சம் இல்லை. பின்வரிசைக்காரர் பார்த்துக்கொண்டார்.

வாகீசன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கொடி அவர் கணினியில் இருந்து போனது என்பதால் கொஞ்சம் அடங்கிய குரலில் பேசினார். “அண்ணை, அடுத்த பேப்பர் வியாழக்கிழமை அச்சுக்குப் போகுது. விழாவுக்கு இன்னொரு முழுப்பக்கம் என்ர செலவில போடுறன். கொடி இனி வேண்டாம். நயாகரா போடட்டோ?”

“வேண்டாம்.”

“அப்ப பின்னால என்ன போடுறது?”

மாமாங்கம் திரையைப் பார்த்தார். அங்கே வேறு யாரோ வேறு எதற்கோ தன் ஒரு நிமிடத்தைச் செலவழித்துக்கொண்டிருந்தார்.

“மீன் போடு,” என்றார். “ஹெரிங்.”

“மீனோ? எத்தினை?”

“பன்னிரண்டு. தலையைச் சுத்தி.”

வாகீசன் அதைப் பெரிய யோசனையோடு குறித்துக்கொண்டார். மரண அறிவித்தலுக்கு மயில் கேட்டவர்களையும் கண்டவர் அவர். “சரி அண்ணை. ஆனால் படத்தை மாத்த வேணும். கைகட்டின படம் வந்திட்டுது. வேற நல்ல படம் இருக்கோ?”

“இருக்கு,” என்று பரிமளம் கைப்பைக்குள்ளிருந்து தொலைபேசியை எடுத்தார். முகத்தில் காலையில் கட்லட் பிடித்தபோது இருந்த அதே வெளிச்சம். “பள்ளிக்கூடத்தில எடுத்தது. ஏழு வயசிருக்கும். கன்னமெல்லாம் சிரிப்பு. பாருங்களன்.”

மாமாங்கமும் யதுஷாவும் வாகீசனும் ஒன்றாகக் குனிந்தார்கள்.

துறைமுக ஊரின் பள்ளிக்கூட முற்றம். ஏதோ ஐரோப்பிய தினம். நடுவில் ஜெயந்தன், முன்பல் ஒன்று இல்லாமல். முகம் முழுவதும் நீலச் சாயம். கன்னத்துக்கு ஆறாக மஞ்சள் நட்சத்திரங்கள். இரண்டு கையாலும் அவன் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தது அதே கொடி.

யதுஷா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பரிமளம்,” மாமாங்கம் தொலைபேசித் திரையைக் கையால் மறைத்தார். “இத ஒருத்தருக்கும் காட்டாத. வியாழக்கிழமை முடியுமட்டும் ஒருத்தருக்கும்...”

“இப்ப சொல்லி?” என்றார் பரிமளம். “ரெண்டையும் சேர்த்துத்தானே காரினுக்கு அனுப்பினன்.”